ஏஸ் ஜோடியை எப்போது மடக்குவது?

'ஹை ஸ்டேக்ஸ் போக்கர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் ஐந்தாவது சீசனில் ஓர் ஆட்டம் உண்டு. மேசையில் எட்டுப் பேர். பாரி கிரீன்ஸ்டைனுக்கு இரண்டு ஏஸ் வந்திருக்கிறது. 2,500 டாலருக்கு ஏற்றுகிறார். மற்ற ஏழு பேரும் ஆளுக்கு அதே தொகையைப் போட்டு உள்ளே வந்துவிடுகிறார்கள். நடுவில் முதல் மூன்று சீட்டுகள் திறக்கின்றன: 10, 2, 2. கிரீன்ஸ்டைன் பந்தயம் கட்டுகிறார். கையில் ராணியும் 10-ம் வைத்திருக்கும் டாம் டுவான் அதன்மேல் ஏற்றுகிறார். 2008-ல் உலகப் பட்டம் வென்ற பீட்டர் ஈஸ்ட்கேட்டிடம் 4-ம் 2-ம். அதாவது அவருக்கு மூன்று 2. அவர் ஈடு கொடுக்கிறார், கிரீன்ஸ்டைனும் கொடுக்கிறார். நான்காவது சீட்டு 7. டுவான் ஒரு லட்சம் டாலருக்கு மேல் முன்னே தள்ளுகிறார். ஈஸ்ட்கேட் மூன்று 2-ஐ மடக்குகிறார். கிரீன்ஸ்டைன் ஏஸ் ஜோடியை மடக்குகிறார். மூவரில் மிக மட்டமான கையை வைத்திருந்தவர் அவ்வளவு பணத்தையும் அள்ளிக்கொள்கிறார்.

பார்த்தவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள். ஆனால் ஈஸ்ட்கேட் இருந்த இடத்தில் உட்கார்ந்து யோசித்தால் சிரிப்பு வராது. எட்டுப் பேர் பணம் போட்ட ஆட்டத்தில் யாரிடமாவது ஒரு 2 இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே ஒருவர் இரண்டு பேருக்கு எதிராக இவ்வளவு பணத்தைத் தள்ளுகிறார் என்றால், அவரிடம் இரண்டு 10 இருக்கலாம், அல்லது பக்கச் சீட்டு பெரிதாக உள்ள ஒரு 2 இருக்கலாம். ஈஸ்ட்கேட்டின் பக்கச் சீட்டோ வெறும் 4. வரிசைப்படி பார்த்தால் அவருடையது பெரிய கை. 2 வைத்திருக்கக்கூடியவர்களை மட்டும் வரிசைப்படுத்தினால் ஏறக்குறையக் கடைசிக் கை.

நோ-லிமிட் போக்கரில் பலமான கையை எப்போது விட்டுவிட வேண்டும் என்ற கேள்வி முழுவதும் இந்த இரண்டு வரிசைகளுக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளாக இதற்கு மூன்று விதமான பதில்கள் வந்திருக்கின்றன: ஆளைப் பார் என்பது ஒன்று, கணக்கைப் பார் என்பது இன்னொன்று, கம்ப்யூட்டரைக் கேள் என்பது மூன்றாவது. மூன்றையும் பார்க்கலாம். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மடக்கத் தகுந்த பலமான கைகள் பெரும்பாலும் ஒற்றை ஜோடிக் கைகள். அவற்றை மடக்கலாமா என்பதும் கடைசிச் சீட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு யோசிக்கும்போது முடிவாவதில்லை. எவ்வளவு பணம் பின்னால் இருக்கும்போது எவ்வளவு பணத்தை நடுவில் சேர்த்தோம் என்பதில் முன்பே முடிவாகிவிடுகிறது. மிகப் பெரிய கைகளை மடக்கும் வீரக்கதைகள் கேட்க நன்றாயிருக்கும், கணக்கில் நிற்காது.

போக்கர் ஆடாதவர்களுக்காக ஒரு பத்தி. ஆளுக்கு இரண்டு சீட்டு, மறைவாக. நடுவில் பொதுச் சீட்டு ஐந்து: முதலில் மூன்று (ஃபிளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியில் ஒன்று (ரிவர்). ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. ஜோடி, இரட்டை ஜோடி, மூன்று ஒரே எண், தொடர் (ஸ்ட்ரெய்ட்), ஒரே ஜாதி ஐந்து (ஃபிளஷ்), ஃபுல் ஹவுஸ், நான்கு ஒரே எண், ஒரே ஜாதித் தொடர் என்று மேலே மேலே போகும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், ஈடு கொடுக்கலாம், ஏற்றலாம், சீட்டை மடக்கலாம். நோ-லிமிட் என்றால் எந்த நேரத்திலும் முன்னால் இருக்கும் மொத்தச் சிப்பையும் தள்ளிவிடலாம். நம் ஊர் ரம்மியில் ஸ்கூட் விடுவது எல்லோருக்கும் பழக்கம்: கை மோசமாக வந்தால் 20 புள்ளியோடு தப்பித்துக்கொள்வது. ஆனால் ஒரிஜினல் சீக்வென்ஸ் சேர்ந்த கையை யாரும் ஸ்கூட் விடமாட்டார்கள். போக்கரில் அதையும் செய்ய வேண்டிவரும் என்பதுதான் புதிதாக ஆடுகிறவரைப் படுத்தும் பாடு.

இந்தத் தொல்லையே நோ-லிமிட்டில் மட்டும்தான் இவ்வளவு பெரிதாகிறது. பந்தயத் தொகைக்கு உச்சவரம்பு உள்ள லிமிட் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் 10 பங்கு பணம், எதிராளி கட்டுவது 1 பங்கு. ஈடு கொடுத்தால் நீங்கள் 1 போட்டு 11-ஐ வெல்லப் பார்க்கிறீர்கள். 12 முறைக்கு ஒருமுறை வென்றால் போதும், நட்டமில்லை. அங்கே நல்ல கையைத் தவறாக மடக்குவது பெரும் பிழை, தவறாக ஈடு கொடுப்பது சில்லறைப் பிழை. அதனால் கேள்வியே எழுவதில்லை. நோ-லிமிட்டில் எதிராளி நடுவில் சேர்ந்திருக்கும் பணத்துக்கு ('பாட்') சமமாகக் கட்டினால், மூன்றில் ஒருமுறை வெல்ல வேண்டும். பாட்டைப் போல இரண்டு மடங்கு கட்டினால் 100-க்கு 40 முறை. மூன்று மடங்கென்றால் ஏறக்குறைய 43. பந்தயம் பெரிதாகப் பெரிதாக, 'பெரும்பாலும் நான்தான் முந்தி' என்று சொல்ல முடியாத எந்தக் கையும் சந்தேகத்துக்கு உரியதாகிவிடுகிறது.

முதல் பதில் ஆளைப் பார்ப்பது. லாஸ் வேகஸில் பின்னியன்ஸ் ஹார்ஸ்ஷூவில் 1970-ல் உலகப் போட்டி தொடங்கியபோது அங்கே வந்தவர்கள் டெக்சஸ் சாலைகளில் ஊர் ஊராகச் சுற்றிச் சீட்டாடிப் பிழைத்தவர்கள். யார் பொய் சொல்வார், யார் சொல்ல மாட்டார் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அந்தத் தலைமுறையின் கதைகளில் எனக்குப் பிடித்தது ஜாக் ஸ்ட்ராஸின் 7-2. அல் ஆல்வரஸ் தம் புத்தகத்தில் எழுதி வைத்தது. ஆட்டத்திலேயே மட்டமான ஆரம்பக் கை 7-ம் 2-ம். அதை வைத்துக்கொண்டு ஸ்ட்ராஸ் ஏற்றுகிறார். ஃபிளாப் 7, 3, 3. எதிராளி தயங்காமல் மேலே ஏற்ற, அவரிடம் பெரிய ஜோடி இருப்பது ஸ்ட்ராஸுக்குப் புரிந்துவிடுகிறது. ஆனாலும் ஈடு கொடுக்கிறார். அடுத்த சீட்டு 2. ஸ்ட்ராஸ் பெரும் தொகையைக் கட்டிவிட்டு, 25 டாலர் சிப் ஒன்று கொடுத்தால் என் இரண்டு சீட்டில் நீங்கள் கைகாட்டும் ஒன்றைத் திருப்பிக் காட்டுகிறேன் என்கிறார். எதிராளி சிப்பைக் கொடுத்து ஒரு சீட்டைக் காட்ட, திரும்புவது 2. எந்தச் சீட்டையும் காட்டத் தயார் என்றால் இரண்டும் ஒரே சீட்டாகத்தான் இருக்க வேண்டும், அப்படியானால் ஃபுல் ஹவுஸ் என்று எதிராளி கணக்குப் போட்டுப் பெரிய ஜோடியை மடக்குகிறார். ஜெயித்துக்கொண்டிருந்த கை அது.

கதையைச் சொல்கிறவர்கள் ஸ்ட்ராஸின் சாமர்த்தியத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் படுவது வேறு. அந்த எதிராளி மடக்கியது ஆளைப் பார்த்து. ஆளைப் பார்க்கும் கலைக்கு 1984-ல் மைக் கேரோ ஒரு புத்தகமே போட்டார். கை நடுங்கினால் என்ன, அலட்சியமாகத் தோளைக் குலுக்கினால் என்ன என்று படங்களோடு. 'ரவுண்டர்ஸ்' (1998) படத்தில் கதாநாயகன் இரட்டை ஜோடியை மடக்குவதும் எதிராளி பிஸ்கட் தின்னும் விதத்தைப் பார்த்துத்தான். இந்த வித்தை பொய்யில்லை. ஆனால் அதை அறிந்த எதிராளி அதையே தூண்டிலாக்கிவிட முடியும்.

இரண்டாவது பதில் கணக்கு. டேவிட் ஸ்க்லான்ஸ்கி எழுதிய 'தி தியரி ஆஃப் போக்கர்' இதற்கு அடித்தளம் போட்டது. எதிராளியின் சீட்டு தெரிந்திருந்தால் எப்படி ஆடியிருப்பீர்களோ அதிலிருந்து விலகி ஆடும் ஒவ்வொரு முறையும் எதிராளிக்கு லாபம் என்பது அதில் வரும் அடிப்படைத் தேற்றம். சீட்டுதான் தெரியாதே? ஒரே ஒரு கையை ஊகிக்கப் பார்க்காமல், இவ்வளவு பணம் வைக்கக்கூடிய எல்லாக் கைகளையும் ஒரு தொகுதியாக எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அதிலிருந்து பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்ட வழி. இதை ஆட்டக்காரர்கள் 'ரேஞ்ச்' என்கிறார்கள்.

ஒரு கையை எண்ணிப் பார்ப்போம். உங்களிடம் இரண்டு ஏஸ். நடுவில் நான்கு சீட்டு திறந்திருக்கிறது: 9, 8, 3, 2. நான்கும் நான்கு ஜாதி, அதனால் ஃபிளஷ் பேச்சுக்கே இடமில்லை. நீங்கள் பந்தயம் கட்ட, எதிராளி மொத்தத்தையும் தள்ளி ஆல்-இன் போகிறார். ஈடு கொடுக்கும் தொகையைப் போல இரண்டு மடங்கு நடுவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆகவே மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு தேவை.

உங்களைத் தோற்கடித்துக்கொண்டிருக்கும் கைகள் எவை? கையில் 9-9 உள்ளவருக்கு மூன்று 9. நடுவில் ஒரு 9 போய்விட்டதால் மீதி மூன்று 9-ல் இரண்டைச் சேர்க்க மூன்று வழிகள். அப்படியே 8-8-க்கு மூன்று, 3-3-க்கு மூன்று. ஒரே ஜாதியில் 9-8 வைத்திருந்து இரட்டை ஜோடி சேர்ந்தவருக்கு இரண்டு வழிகள். 2-2 கையை எதிராளி ஃபிளாப்பிலேயே மடக்கியிருப்பார் என்று விட்டுவிட்டால், ஆக 11. இன்னும் ஒன்றும் சேராமல் ஸ்ட்ரெய்ட்டுக்காகக் காத்திருப்பவை? ஒரே ஜாதியில் ஜாக்கி-10, 10-7, 7-6. ஒவ்வொன்றுக்கும் நான்கு வழிகள், ஆக 12. மூன்று ஒரே எண்ணுக்கு எதிராக உங்களுக்கு மிஞ்சும் வாய்ப்பு 100-க்கு 4 அல்லது 5. இன்னொரு ஏஸ் வந்தால்தான் உண்டு. இரட்டை ஜோடிக்கு எதிராக 18. ஸ்ட்ரெய்ட்டுக்குக் காத்திருப்பவருக்கு எதிராக 82.

எதிராளி அந்த 12-ஐயும் இப்படித் தள்ளுகிற முரட்டு ஆள் என்றால் உங்கள் மொத்த வாய்ப்பு 46. யோசிக்காமல் ஈடு கொடுக்கலாம். அவர் நிதான ஆள், 12-ல் 3-ஐ மட்டுமே இப்படி ஆடுவார் என்றால் வாய்ப்பு 23-க்கு இறங்கிவிடுகிறது. மடக்க வேண்டியதுதான். நடுக்கோடு எங்கே என்று பார்த்தால், 12-ல் சரியாக 6 பக்கம் வருகிறது. அதே ஏஸ், அதே நான்கு சீட்டு, அதே பணம். மாறியது எதிராளி எத்தனை காத்திருப்புக் கைகளைத் துணிந்து தள்ளுவார் என்ற ஒன்று மட்டுமே. மைக் கேரோ படம் போட்டுச் சொன்னதும் ஸ்க்லான்ஸ்கி கணக்குப் போட்டுச் சொன்னதும் இந்த இடத்தில் ஒன்றுசேர்கின்றன: ஆளைத் தெரிந்தால்தான் அந்த 6-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்ல முடியும்.

இணையத்தில் ஆடியவர்கள் இந்த அனுபவத்தைச் சுருக்கி 'பலூகா தேற்றம்' என்று பெயர் வைத்தார்கள், ஒரு ஆட்டக்காரரின் புனைபெயரால். டர்னில் உங்கள்மேல் ஏற்றினால் ஒற்றை ஜோடியின் மதிப்பை மறுபடி யோசி என்பது அதன் சாரம். தேற்றம் என்பது வேடிக்கைப் பெயர்தான். சாதாரண மேசைகளில் டர்னிலும் ரிவரிலும் பொய்யாக ஏற்றுகிறவர்கள் குறைவு என்ற பொது அனுபவம் அதற்குப் பின்னால் இருக்கிறது. அதனால் அங்கே 12-ல் 6 என்பது பெரும்பாலும் எட்டாத எண்.

இனி ஃபிளாப்புக்கு முன்பே வரும் சோதனை: இரண்டு ராஜா. ஒன்பது பேர் மேசையில் உங்களுக்கு ராஜா ஜோடி வந்திருக்கும்போது வேறு யாரிடமாவது ஏஸ் ஜோடி இருக்கும் வாய்ப்பு 100-க்கு ஏறக்குறைய 4. அது நடக்கும் நாளில் எல்லாம் போய்விடும். எதிர்த்து மிஞ்சுவது 18 சொச்சம். ராஜாவை மடக்கிக் காட்டியதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எண்ணிப் பாருங்கள். எதிராளி ஏஸ் ஜோடி அல்லது ராணி ஜோடியோடு மட்டுமே மொத்தத்தையும் தள்ளுவார் என்றாலும், இரண்டுக்கும் ஆறு ஆறு வழிகள். உங்களுக்குப் பாதிக்குப் பாதி. ஏஸ்-ராஜாவையும் சேர்த்தால் உங்கள் கை தெளிவாக முந்திவிடும். ராஜாவை மடக்குவது சரியாக வேண்டுமென்றால் எதிராளி ராணியோடு ஒருநாளும் இப்படி ஆடமாட்டார் என்று சத்தியம் செய்ய வேண்டும். அப்படிப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள், எண்ணிக்கையில் மிகக் குறைவு.

கை பெரிதாகப் பெரிதாக இந்தக் கணக்கு விசித்திரமாகிறது. 2017 உலகப் போட்டியின் முதன்மை ஆட்டம், முதல் நாள், முதல் கட்டம். வனெஸா செல்ப்ஸ்ட்டிடம் இரண்டு ஏஸ். நடுவில் ஏஸ், 7, 5, பிறகு இன்னொரு 7, கடைசியில் 4. ஏஸ்களும் 7-களும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ். எதிரே கெயெல் பௌமன் மொத்தத்தையும் தள்ளினார். செல்ப்ஸ்ட் யோசித்து ஈடு கொடுத்தார். பௌமனிடம் மீதி இரண்டு 7. நான்கு 7. செல்ப்ஸ்ட் வெளியேறினார்.

அவர் மடக்கியிருக்க வேண்டும் என்று பிறகு பலர் சொன்னார்கள். அவரைத் தோற்கடிக்கும் கை 7-7 மட்டும். அதற்கு ஒரே ஒரு வழி. அவரிடம் தோற்கும் கைகள்: ஏஸ்-7 இரண்டு வழிகள், 5-5 மூன்று, 4-4 மூன்று. மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு போதும் என்றால், தோற்கும் கைகளில் சராசரியாக அரை வழி சேர்ந்தாலே ஈடு கொடுப்பது சரி. அதாவது இந்த எட்டு வழிகளில் ஏதோ ஒன்றை எதிராளி இரண்டு முறைக்கு ஒருமுறை இப்படி ஆடக்கூடும் என்றாலே போதும். மடக்க வேண்டுமென்றால் அந்த எட்டையும் ஏறக்குறைய முற்றாக மறுக்க வேண்டும். எதிராளியைப் பற்றி அவ்வளவு உறுதி எந்த மனிதருக்கும் கிடையாது. கை எவ்வளவு பெரிதோ அவ்வளவு குறைவு அதை வெல்லும் கைகள். அவ்வளவு அசாத்தியமான உறுதி வேண்டும் அதை மடக்க. செல்ப்ஸ்ட் ஆடியது சரி. தோற்றது துரதிர்ஷ்டம்.

2006-ல் கஸ் ஹான்சனும் டேனியல் நெக்ரானுவும் மோதிய ஆட்டம் கொஞ்சம் வேறு. நெக்ரானுவிடம் 6-6, ஹான்சனிடம் 5-5, நடுவில் 9, 6, 5, 5, 8. மொத்தம் 5,75,700 டாலர் சேர்ந்த பாட். அங்கே நெக்ரானுவின் ஃபுல் ஹவுஸை வெல்லக்கூடியவை 9-9, 8-8, 5-5 என்று ஏழு வழிகள். செல்ப்ஸ்ட்டுக்கு ஒன்று, இவருக்கு ஏழு. இரண்டுக்கும் ஃபுல் ஹவுஸ் என்றே பெயர்! நெக்ரானுவும் ஈடு கொடுத்துத் தோற்றார். அவர் மடக்கியிருக்கலாம் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகமாட்டேன். 2008 முதன்மை ஆட்டத்தில் மோட்டோயுகி மபுச்சி நான்கு ஏஸ் வைத்திருந்து ராயல் ஃபிளஷிடம் தோற்றதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுந்து கைகொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஃபுல் ஹவுஸை யாரும் மடக்க மாட்டார்கள் என்பதையே 'ஜீபோ தேற்றம்' என்று இணைய ஆட்டக்காரர்கள் கேலியாகச் சொல்வதுண்டு. எதிராளியிடம் அது இருக்கிறது என்று தெரிந்தால் பொய்ப் பந்தயம் கட்டாதே, அதைவிடப் பெரியது உன்னிடம் இருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டு என்பது அதன் பொருள்.

அப்படியானால் மடக்கும் முடிவு எங்கே நடக்கிறது? 2007-ல் மாட் ஃப்ளின், சன்னி மேத்தா, எட் மில்லர் மூவரும் சேர்ந்து எழுதிய புத்தகம் இதற்கு ஒரு கைப்பிடி கொடுத்தது: கையிருப்புக்கும் பாட்டுக்கும் உள்ள விகிதம். இருவரிடமும் பிக் பிளைண்டைப் போல (சீட்டு வரும் முன்பே கட்டாயமாகப் போட வேண்டிய தொகை) 100 மடங்கு இருக்கிறது. நீங்கள் 3-க்கு ஏற்றி ஒருவர் வந்தால் நடுவில் சுமார் 6.5, பின்னால் 97. விகிதம் 15. ஒருவர் ஏற்றி, மற்றவர் மறுபடி 10-க்கு ஏற்றிய ஆட்டம் என்றால் நடுவில் 21 சுமார், பின்னால் 90. விகிதம் 4-ஐ ஒட்டி வரும். இன்னொரு சுற்று ஏற்றினால் 2-க்கும் கீழே.

விகிதம் 2 என்றால் ஏஸ் ஜோடியை மடக்க வேலையே இல்லை. நடுவில் ஏற்கெனவே நிறையப் பணம் சேர்ந்துவிட்டது, ஒரு பந்தயம் கட்டிய பின் எதிராளி ஆல்-இன் போனாலும் மீதிக்குக் கேட்கும் வாய்ப்பு குறைவு. விகிதம் 15 என்றால் எதிராளி சின்ன ஜோடியோடு மலிவாக வந்து, எட்டு ஒன்பது முறைக்கு ஒருமுறை ஃபிளாப்பில் மூன்றாவது சீட்டைப் பிடித்து, அப்போது உங்கள் 97-ஐயும் வாங்கப் பார்க்கிறார். அங்கே ஏஸ் ஜோடி சின்னப் பாட்டுக்கு உரிய கை. 200, 300 மடங்கு ஆழத்தில் இன்னும் மோசம். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, இப்போது மடக்கலாமா என்பதற்கு மூன்று கட்டம் முந்தியது: இந்தக் கையோடு எவ்வளவு பெரிய பாட்டைக் கட்ட எனக்கு விருப்பம்? ரிவரில் வேதனைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஃபிளாப்பில் அதைக் கேட்காதவர்கள்.

போட்ட பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'இவ்வளவு போட்டுவிட்டேன், இனி எப்படி விடுவது' என்பது மேசைகளில் அதிகம் கேட்கும் பேச்சு. போட்ட பணம் பாட்டுக்குச் சொந்தமாகிவிட்டது. ஆனால் அது பாட்டைப் பெரிதாக்கி, ஈடு கொடுக்கத் தேவையான வாய்ப்பைக் குறைத்திருக்கிறது என்ற வகையில் கணக்குக்குள் வரும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் மடக்க வேண்டிய இடத்தில் ஈடும், ஈடு கொடுக்க வேண்டிய இடத்தில் மடக்கலும் நடக்கின்றன.

மூன்றாவது பதில் கம்ப்யூட்டருடையது. போக்கரில் பொய்ப் பந்தயம் கணக்கின்படியே அவசியம் என்று ஜான் வான் நாய்மன் ஏற்கெனவே காட்டியிருந்தார். ஆஸ்கர் மோர்கன்ஸ்டெர்னோடு 1944-ல் எழுதிய நூலில் அது இருக்கிறது. 2015 வாக்கில் 'பயோசால்வர்' போன்ற மென்பொருள்கள் (சுருக்கமாக 'சால்வர்') வீட்டுக் கம்ப்யூட்டருக்கே வந்தன. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கின் ரிவர்ஸ் கேசினோவில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டுவோமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் உருவாக்கிய 'லிப்ராட்டஸ்' நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாளில் 1,20,000 கைகள் ஆடி வென்றது. தோற்றவர்களை மிகவும் தொந்தரவு செய்தது அதன் பந்தய அளவு. பாட்டைப் போலப் பல மடங்கு சட்டென்று கட்டிவிடும். மனிதர்கள் கூச்சப்பட்டுச் செய்யாதது அது. நல்ல கை, ஆனால் உச்சக் கை இல்லை என்ற நிலையில் இருப்பவரை அந்தப் பந்தயம் பிழிந்துவிடும்.

கம்ப்யூட்டர் சொல்வது இதுதான். ரிவரில் எதிராளி பாட் அளவு கட்டினால், அந்த இடத்துக்கு நீங்கள் கொண்டுவரக்கூடிய எல்லாக் கைகளிலும் மேல் பாதியோடு ஈடு கொடுங்கள், கீழ்ப் பாதியை மடக்குங்கள். மூன்று மடங்கு கட்டினால் மேல் கால் பங்கு மட்டும். உங்கள் கை மேல் பாதியில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதன் பெயர் ஜோடியா ஸ்ட்ரெய்ட்டா என்பதில்லை. 8, 7, 6, 5 திறந்து கிடக்கும் மேசையில் ஏஸ் ஜோடி கீழ்த்தட்டு. ராஜா, 7, 2 உள்ள மேசையில் அதே ஜோடி மேல்தட்டு.

இன்னொன்றையும் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்தது: உங்கள் கையில் இருக்கும் சீட்டு எதிராளியிடம் இருக்க முடியாது. 2003 உலகப் போட்டியின் கடைசி இருவர் ஆட்டத்தைத் திரும்பப் பாருங்கள். சாம் ஃபர்ஹாவிடம் இஸ்பேட் ராணியும் ஒரு 9-ம். நடுவில் 9, 2, 6, 8, 3. அதில் 9, 6, 8 மூன்றும் இஸ்பேட். இஸ்பேட் ராஜாவோடு ஒரு 7 வைத்திருந்து ஒன்றும் சேராமல்போன கிறிஸ் மணிமேக்கர் மொத்தத்தையும் தள்ளினார். ஃபர்ஹா நெடுநேரம் யோசித்து உச்ச ஜோடியை மடக்கினார். பிறகு மணிமேக்கர் பட்டத்தையும் 25 லட்சம் டாலரையும் வென்றார். மேசையில் மூன்று இஸ்பேட் போனபின் மிஞ்சும் பத்தில் இரண்டைச் சேர்க்க 45 வழிகள். ராணி ஃபர்ஹாவின் கையில் இருப்பதால் 36-தான். ஐந்தில் ஒரு பங்கு ஃபிளஷ் அந்த ஒரு சீட்டால் அழிந்துவிடுகிறது. எதிராளியின் பொய்க்கு மிகத் தோதான இஸ்பேட் ஏஸும் ராஜாவும் வெளியிலேயே இருக்கின்றன. இன்றைய மாணவர் இதை ஈடு கொடுக்கத் தகுந்த சீட்டு என்று சட்டெனச் சொல்வார். 2003-ல் யாரும் அப்படி எண்ணவில்லை, ஃபர்ஹாவைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. எதிராளி இணையத்தில் 86 டாலர் கட்டித் தகுதிபெற்று வந்த ஒரு கணக்காளர். அவர் இப்படிப் பொய் சொல்வார் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

ஆனால் சால்வரை அப்படியே சாதாரண மேசைக்குக் கொண்டுபோவது ஆபத்து. அது எதிராளியும் சரியான விகிதத்தில் பொய் சொல்வார் என்று வைத்துக்கொண்டு ஆடுகிறது: பாட் அளவுப் பந்தயத்தில் இரண்டு உண்மைக்கு ஒரு பொய். அவ்வளவு பொய் சொல்லாதவரிடம் மேல் பாதியோடு ஈடு கொடுத்துக்கொண்டிருந்தால் அவருக்குச் சம்பளம் கொடுப்பதாக முடியும். அங்கே அதிகம் மடக்குகிறவர்தான் கெட்டிக்காரர்.

இந்தச் சிறந்த மடக்கல்கள் எல்லாம் நமக்கு எப்படித் தெரியும் என்பதும் ஒரு கேள்வி. 1999-ல் பிரிட்டனின் சேனல் 4 'லேட் நைட் போக்கர்' மேசைக்குக் கண்ணாடி போட்டு அடியிலிருந்து சீட்டைப் படமெடுக்கும்வரை, மடக்கிய கை மடக்கியவரோடு போயிற்று. சரியா தவறா என்று எதிராளி பெருந்தன்மையாகக் காட்டினால்தான் உண்டு. ஈடு கொடுத்துத் தோற்றால் மேசையே பார்க்கும். தவறாக மடக்கினால் யாருக்கும் தெரியாது, மடக்கியவருக்கும். தவறான மடக்கலுக்கு நட்டக்கணக்கே எழுதப்படுவதில்லை என்பதால் மிகையாக மடக்கும் பழக்கம் வெகுநாள் பிடிபடாமல் இருக்க முடியும்.

போக்கரைத் தீர்மானிப்பது முடிவெடுக்கும் திறமையா அதிர்ஷ்டமா என்பது நம் நீதிமன்றங்கள்வரை வந்த விஷயமும்தான். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் பெயர் சொல்லி அதிர்ஷ்ட ஆட்டங்களின் அட்டவணையில் சேர்த்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவை திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அந்த அட்டவணையை நீக்கியது. இணையத்தில் நடந்த 10 கோடிக்கும் மேற்பட்ட கைகளை 2009-ல் சிஜிடல் நிறுவனம் ஆராய்ந்தபோது, ஏறக்குறைய நான்கில் மூன்று கைகள் சீட்டே காட்டப்படாமல், எல்லோரும் மடக்கி ஒருவர் மிஞ்சி முடிந்திருந்தன. அதிர்ஷ்டம் என்பது சீட்டை ஒப்பிடும்போதுதான் வேலை செய்யும். ஒப்பிடாமலே முடியும் ஆட்டத்தில் முடிவெடுப்பதுதான் ஆட்டம் என்ற வாதத்துக்கு இது பலம். 2025-ல் மத்திய அரசின் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு முழுவதையும் தடை செய்துவிட்டதால் இங்கே அந்த வாதத்துக்கு இப்போது வேலை குறைவு.

கடைசியாக, ஏஸ் ஜோடியை ஃபிளாப்புக்கு முன்பே, சந்தேகமே இல்லாமல் மடக்க வேண்டிய ஓர் இடம் உண்மையில் உண்டு. அது டோர்னமென்ட். அங்கே சிப்பு பணமில்லை. கையிருப்பு இரட்டிப்பானால் பரிசு எதிர்பார்ப்பு இரட்டிப்பாகாது. எல்லாம் போனால் எல்லாம் போய்விடும். இதை அளக்க 'ஐசிஎம்' என்றொரு கணக்கு முறை இருக்கிறது. அதன் எல்லை சாட்டிலைட் ஆட்டம்: பரிசு பெரிய போட்டிக்கான நுழைவுச் சீட்டு மட்டுமே. 10 நுழைவுச் சீட்டு, 11 பேர் மிஞ்சியிருக்கிறார்கள். இரண்டாவது பெரிய கையிருப்பு உங்களுடையது. ஒரு மூலையில் இன்னும் இரண்டு கைக்குக்கூடச் சிப்பில்லாத ஒருவர். முதலிடத்தில் இருப்பவர் உங்கள்மேல் ஆல்-இன் போகிறார். கையைப் பார்த்தால் இரண்டு ஏஸ். அவர் எதை வைத்திருந்தாலும் சராசரியாக 100-க்கு 85 முறை நீங்கள் வெல்வீர்கள். வென்றால் என்ன கிடைக்கும்? அதே ஒரு நுழைவுச் சீட்டு. முதல் ஆளுக்கும் பத்தாம் ஆளுக்கும் ஒரே பரிசு. மடக்கினால் மூலையில் இருப்பவர் போனதும் அது அனேகமாக நிச்சயம் உங்களுக்கு வருகிறது. 85-ஐ எடுத்துக்கொண்டு நிச்சயத்தை விடுகிறவர் மற்ற ஒன்பது பேருக்கு உதவி செய்கிறார். அங்கே பழகிய ஆட்டக்காரர்கள் தம் இரண்டு சீட்டைப் பார்க்காமலேயே டீலர் பக்கம் தள்ளிவிட்டு, மூலையில் இருப்பவரின் சிப்பை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.